எண் ஒன்று, துறைகள் பல: அவசர மருத்துவச் சேவையில் தலைமை

இதயத் துடிப்பு நின்றபின் நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள் மூளை பழுதுறத் தொடங்குகிறது. சுங்கை லாலாங் போன்ற கெடா மாநிலத் தோட்டப்புற ஊர்களில் அவசர மருத்துவச் சேவையை வழிநடத்துவோரின் பொறுப்பை இவ்வளவுகோல் கொண்டே நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மலேசியாவில் முன்னர்த் தீயணைப்புப் படைக்கு 994, பொதுத் தற்காப்புப் படைக்கு 991 எனத் தனித்தனி எண்கள் வழங்கின. 2007இல் அவை 999 என்னும் ஒரே எண்ணின்கீழ்க் கொணரப்பட்டன. எண் ஒன்றாயிற்று, துறைகளோ பலவாகவே உள்ளன. சுகாதார அமைச்சின் மருத்துவமனைகள், பொதுத் தற்காப்புப் படை, செம்பிறைச் சங்கம், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் எனப் பல தரப்பினர் ஊர்திகளை இயக்குகின்றனர். ஒரு துறையின் தலைவர் மற்றொரு துறையின் ஊழியருக்கு ஆணையிட இயலாது. எனவே, யார் முதலில் செல்வது, நோயாளியை யாரிடம் ஒப்படைப்பது என்பவற்றை முன்கூட்டியே உடன்பட்டு வகுப்பதே தலைமையின் முதற்கடமை.

இரண்டாவது சவால் மொழி சார்ந்தது. தோட்ட மக்கள் தம் இருப்பிடத்திற்கு வழங்கும் தமிழ்ப் பெயர் பல வேளைகளில் வரைபடத்தில் இராது. அழைப்பை ஏற்பவர் அதனை அறியாராயின், ஊர்தி சந்தியில் நின்று வழி வினவ நேரும். அப்பெயர்களைத் தொகுத்து அளிக்க ஆசிரியரும் மாணவரும் துணைநிற்கலாம்.

எத்துணை விரைந்தாலும் நான்கு நிமிடத்தில் ஊர்தி எங்கும் சென்றடையாது. ஆதலின், மார்பை அழுத்தி உயிர்காக்கும் முதலுதவியைப் பள்ளிதோறும் கற்பிப்பதையும் சேவைத் தலைமை தன் பணியாகக் கொள்ளுதல் வேண்டும்.