அகலத்தை யார் அளப்பது?

சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குள் கார் ஓட்டிப் போகிறவருக்கு வண்டியின் நீளம் ஒரு பொருட்டே இல்லை. லீ பஜார் பக்கம் லாரியிலிருந்து மூட்டை இறங்கிக்கொண்டிருக்கும், எதிரே ஒரு ஆட்டோ வரும். நடுவில் மிஞ்சுகிற சந்தில் கண்ணாடியை மடக்கிக்கொண்டு நுழைய முடியுமா என்பதுதான் அங்கே கேள்வி. மாருதி எண்ணூறு நுழைந்துவிடும். அதன் அகலம் 1,440 மில்லிமீட்டர். இன்று சின்ன வண்டி என்று சொல்லி வாங்குகிற டாடா நெக்ஸான் 1,800-ஐத் தாண்டிவிட்டது. ஒரு அடிக்கு மேல் கூடுதல்.

சட்டத்தின் கணக்கில் இரண்டும் சின்ன வண்டிதான். 2006 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கான உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆக இறக்கினார். நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் என்ஜின் 1,200 சி.சி.க்குள், டீசல் 1,500-க்குள் என்பது நிபந்தனை. அகலம், உயரம், எடை பற்றிப் பேச்சே இல்லை. கம்பெனிக்காரர்கள் விடுவார்களா? இண்டிகோவின் டிக்கியைக் குறுக்கி 2008-இல் சி.எஸ். என்று டாடா விட்டது. அப்புறம் மாருதியின் பிரெஸ்ஸா, டாடாவின் நெக்ஸான். இரண்டின் நீளமும் இன்று 3,995 மில்லிமீட்டர். நீளத்தில் கட்டிப்போட்ட வண்டி பக்கவாட்டிலும் மேலேயும் வளர்ந்தது.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். லாரியோ காரோ, 2.6 மீட்டர் அகலத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. அவர்களுக்கு ஒவ்வொரு அங்குலமும் கணக்கு. கார் எதுவும் அந்த வரம்பை நெருங்குவதே இல்லை.

ஐரோப்பாவில் நாலு மீட்டர் கட்டும் இல்லாததால் அங்கே நீளமும் சேர்ந்தே வளர்ந்தது. 1959-இல் மினி மூன்று மீட்டர் சொச்சம். இன்றைய மினி 3.8 மீட்டருக்கு மேல். 1975-இல் மூன்றரை மீட்டராகப் பிறந்த போலோ இப்போது நாலைத் தாண்டி நிற்கிறது. ஃபோர்டு ஃபியஸ்டா வளர்ந்து வளர்ந்து, 2023-இல் உற்பத்தியே நின்றுபோனது. சின்ன காரில் லாபம் சொற்பம். பெரிய வண்டியை விற்றால்தான் கம்பெனிக்குக் கட்டுபடியாகும்.

இங்கே சின்ன காரின் விலையும் ஏறிவிட்டது என்பார்கள். அந்தக் கதையைக் கொஞ்சம் நியாயமாகப் பார்க்க வேண்டும். 1983 டிசம்பரில் எண்ணூறு வந்தபோது விலை ஐம்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. அன்றைய சம்பளத்தையும் தங்க விலையையும் நினைத்தால், அது மாருதியின் இன்றைய ஆல்டோவைவிட எட்டாத பண்டம். ஏற்றம் உறைத்தது கடைசி ஏழெட்டு ஆண்டுகளில்தான். 2018 வாக்கில் சுமார் இரண்டரை லட்சத்தில் தொடங்கிய ஆல்டோ, ஆறு ஏர்பேக்கோடு கே10 என்று 2025-இல் 4.23 லட்சத்தில் வந்து நின்றது. நடுவில் ஏ.பி.எஸ்., மோதல் சோதனை விதி, 2020 ஏப்ரலில் பி.எஸ். 6, மூன்று ஆண்டு மூன்றாம் நபர் இன்சூரன்ஸை மொத்தமாகக் கட்டுவது. போதாக்குறைக்கு, 2023 நவம்பரில் தமிழ்நாட்டின் சாலை வரி 5 லட்சம் வரையிலான காருக்கு 10 சதவீதத்திலிருந்து 12 ஆனது.

பாதுகாப்புக்கு ஆன செலவைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. தொப்பூர் கணவாயில் இறங்குகிற லாரிகளைப் பார்த்தவர் யாரும் ஏர்பேக் வேண்டாம் என்று சொல்லமாட்டார். கதவுக்குள் இரும்புப் பட்டை வைத்தால் கதவு கொஞ்சம் தடிக்கத்தான் செய்யும். ஆனால் அகலத்தில் கூடிய ஒரு அடிக்கும் அதுதான் காரணம் என்றால் நம்ப முடியவில்லை. ஆல்டோ கே10 ஆறு ஏர்பேக்கோடு 1,490 மில்லிமீட்டரில் அடங்குகிறதே! மீதி, உயரத்தில் உட்கார்ந்து ஓட்டுகிற கௌரவம்.

2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்து ஆல்டோ 3.70 லட்சத்துக்கு இறங்கியது. நல்லதுதான். ஆனால் அளவுகோல் அதே 2006-இன் அளவுகோல். ஆல்டோவுக்கும் 18, நெக்ஸானுக்கும் 18. ஜப்பானில் கெய் வகைக் காருக்கு நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், என்ஜின் 660 சி.சி. என மூன்றுக்கும் வரம்பு கட்டி, அதற்குள் அடங்குகிற வண்டிக்கு வரியைக் குறைவாக வைத்திருக்கிறார்கள். நம் எண்ணூறு அந்த வகையில் வந்த சுசுகி ஆல்டோவின் வாரிசு. அடுத்த ஜி.எஸ்.டி. கவுன்சிலில் யாராவது அகலத்தையும் ஒரு வார்த்தை கேட்கலாம்.