சரக்கு வாங்குமுன் ஒரு சோதனை

இணையவழி வாணிகம் செய்ய விழையும் இளைஞர் பலர், கையிலுள்ள முதலையெல்லாம் சரக்கில் முடக்கிவிட்டுப் பிறகே வாங்குவோரைத் தேடுகின்றனர். இம்முறையைத் தலைகீழாக்கியவர் அமெரிக்கரான நிக் ஸ்வின்மர்ன். சான் பிரான்சிஸ்கோவில் கடை கடையாக ஏறி இறங்கியும் தமக்கு வேண்டிய காலணி கிடைக்காது போகவே, 1999-இல் அதனை இணையத்தில் விற்கக் கருதினார். காலில் இட்டுப் பாராமல் காலணியை எவர் வாங்குவர்? ஐயம் நியாயமானதே. ஆகவே அவர் சரக்கு எதுவும் வாங்கவில்லை. கடைகளிலிருந்த காலணிகளைப் படமெடுத்து இணையத்தில் இட்டார். எவரேனும் கேட்டால், அக்கடையிலேயே முழுவிலைக்கு வாங்கி அஞ்சலில் அனுப்பினார். அம்முயற்சியே ஸாப்போஸ் நிறுவனமாக வளர்ந்து, 2009-இல் அமேசானின் உடைமையாயிற்று.

ஆயினும், மாணவ நண்பர்களே, அச்சோதனை மெய்ப்பித்தது தேவையை மட்டுமே; இலாபத்தை அன்று. முழுவிலைக்கு வாங்கி விற்பவருக்கு என்ன மிஞ்சும்?

இலாபத்தை அறிய வேறொரு கணக்கு வேண்டும். ஒரு பண்டத்தில் அடக்கவிலையும் அனுப்பும் செலவும் போக 200 ரூபாய் மிஞ்சுவதாகக் கொள்வோம். விளம்பரத்தின் வாயிலாக ஒருவரை வரவழைக்க 5 ரூபாய் ஆனால், 100 பேருக்கு 500 ரூபாய். அவருள் இருவரே வாங்கின், ஒரு விற்பனைக்கு விளம்பரச் செலவு 250 ரூபாய். விற்குந்தோறும் 50 ரூபாய் நட்டம்! நால்வர் வாங்கினால் செலவு 125 ரூபாய்; 75 ரூபாய் இலாபம். இரண்டுக்கும் நான்குக்கும் உள்ள வேறுபாடு தற்செயலாகவும் நேரலாம். ஆதலின் ஒரு நூறோடு நிறுத்தாமல் இன்னும் சில நூறு பேரைப் பார்த்தே முடிவு கட்டவேண்டும். பிடிக்கவில்லையென்று திரும்பி வருவனவற்றையும் இக்கணக்கில் கழித்தாக வேண்டும். காலணி வாணிகத்தில் அது சிறுதொகையன்று.