மெட்ராஸில் பிறந்த வண்டி, புனேயில் ஓடுகிறது!

புனே கேம்ப் பகுதியில் புல்கேட் சிக்னல். சிவப்பு விளக்கு எரிந்து வண்டியை நிறுத்தினால் போதும், பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் நிற்கும் பிள்ளைகள் குனிந்து பார்ப்பார்கள். அடுத்து வரப்போகும் கேள்வி எனக்கு மனப்பாடம்.

"அங்கிள், இது ஃபாரின் வண்டியா?"

"இல்லை தம்பி, மெட்ராஸ் வண்டி" என்பேன். யாரும் நம்புவதில்லை. சிரித்துக்கொண்டே செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

ஆனால் நான் சொல்வது உண்மை. என்னிடம் இருப்பது 1966-இல் பதிவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இரண்டே கதவு, சிறிய உடம்பு. பின்பக்கம் மீன் வால் போலக் கூர்ந்திருக்கும். சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி தயாரித்தது. டாட்டாவும் பஜாஜும் கொடிகட்டிப் பறக்கும் இந்த ஊரில், நம்ம ஊர் தொழிலாளி கைபட்ட வண்டி ஒன்றும் ஓடுகிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

மூன்றில் ஒன்று

ஒரு காலத்தில் நம் நாட்டில் கார் என்றால் மூன்றுதான். கல்கத்தா பக்கத்தில் அம்பாசடர், பம்பாயில் ஃபியட், மெட்ராஸில் ஹெரால்டு. இங்கிலாந்தில் டிரையம்ப் கம்பெனி 1959-இல் வெளியிட்ட வண்டி, 1961 முதல் ஸ்டாண்டர்டு என்ற பெயரில் இங்கே வந்தது. உருவம் கொடுத்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலாட்டி. இதே சேசிஸைச் சற்றுக் குறுக்கித்தான் 1962-இல் 'ஸ்பிட்ஃபயர்' என்ற பந்தய ஜாதி வண்டியை அங்கே செய்தார்கள். ஆக, என் ஹெரால்டு ஸ்போர்ட்ஸ் காருக்கு உடன்பிறப்பு என்று சொல்லிக்கொள்ளலாம்!

எஞ்சின் 948 சி.சி. பின்னாளில் வந்த மாருதி 800-ஐவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். ஆனால் திரும்புவதில் இதை மிஞ்ச ஆள் இல்லை. இருபத்தைந்தடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும். ராஸ்தா பேட்டையின் சந்துகளில் பெரிய கார்க்காரர்கள் முன்னும் பின்னும் அல்லாடும்போது, நான் ஒரே ஒடியில் திருப்பிக்கொண்டு போய்விடுவேன்.

என் தகப்பனார் ஜோலார்பேட்டைக்காரர். கோர்ப்படி டீசல் ஷெட்டில் ஃபிட்டராக இருந்தார். 1990-இல், கேம்பில் குடியிருந்த ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவரிடமிருந்து 16,000 ரூபாய்க்கு இதை வாங்கினார். அதற்குள் கம்பெனியே மூடிவிட்டது. "மூடிப்போன கம்பெனி வண்டியை யாராவது வாங்குவார்களா?" என்று அம்மா சண்டை போட்டார்களாம். அப்பா சொன்ன பதில்: "கம்பெனி மூடினால் என்ன? ஸ்பேனர் என் கையில் இருக்கிறது."

அப்பா காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. வண்டியும் ஸ்பேனரும் இப்போது என் கையில்.

எண்ணெயா, கிரீஸா?

இந்த வண்டியில் வேலை பார்ப்பது சுகம். முன்பக்க மட்கார்டு, விளக்கு எல்லாவற்றோடும் பானெட் மொத்தமாக முன்னால் சாயும். டயர்மேலேயே உட்கார்ந்துகொண்டு பிளக் கழற்றலாம்.

ஆனால் இதில் ஒரு நோய் உண்டு. முன் சக்கரத்தைத் தாங்கி நிற்கும் இரும்புத் தண்டின் அடிமுனை, 'டிரன்னியன்' என்ற வெண்கலத் துண்டுக்குள் திருகாணி போல இறங்கியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைக்குள்தான் தண்டு திரும்புகிறது. அந்த இடத்துக்கு 90-ஆம் நம்பர் கியர் எண்ணெய் விட வேண்டும். கிரீஸ் அடிக்கக் கூடாது. கிரீஸ் மரை முழுதும் போய்ச் சேராது. நாளாவட்டத்தில் இறுகியும் போகும். உள்ளே தண்ணீர் தங்கித் துரு ஏறும். ஒருநாள் தண்டு ஒடிந்து சக்கரம் மடிந்துவிடும்.

அப்பா இதை நூறு தடவை சொல்லியிருக்கிறார். நான்தான் கேட்கவில்லை. அவர் போன மறு வருடம், வேலைப்பளுவில் வண்டியை ஒரு சர்வீஸ் நிலையத்தில் விட்டேன். அங்கிருந்த பையன் நல்லெண்ணத்தோடு எல்லா முனைகளிலும் கிரீஸ் அடித்துக் கொடுத்தான். நானும் பார்க்காமல் பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த மழைக்காலம் முடிந்து ஒரு சாயங்காலம். அம்மா முன்னால், ஐந்து வயது மகள் பின்னால். குவார்ட்டர்ஸ் சந்துக்குள் திருப்புகிறேன். 'கடக்' என்று ஒரு சத்தம். இடதுபக்கம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. இறங்கிப் பார்த்தால் சக்கரம், கால் சுளுக்கிய மாடு மாதிரி மடிந்து கிடக்கிறது.

நடந்து போகும் வேகத்தில் வந்ததால் யாருக்கும் அடியில்லை. ஆனால் அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் அதே வண்டியில் காத்ரஜ் கணவாய் இறங்கி வந்திருந்தோம். அங்கே ஒடிந்திருந்தால்? அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

"விற்றுவிடப்பா" என்றார்கள் அம்மா. கணவனின் வண்டியை வேறொருவர் தொடக்கூட விடாதவர்கள் அப்படிச் சொன்னார்கள்.

படுக்கைக்கு அடியில் இரும்பு

விற்கவில்லை. ரயில்வே பாஸ் எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனேன். புதுப்பேட்டையில் பழைய இரும்புக் கடைகளில் இரண்டு நாள் அலைந்தேன். மூன்றாவது கடையில் ஒரு பெரியவர், பெயரைச் சொன்னதும் உள்ளே போய் எண்ணெய்த் துணியில் சுற்றிய ஜோடியைக் கொண்டுவந்தார். "ஹெரால்டா? இன்னும் ஓட்டுறீங்களா தம்பி?" என்று கேட்டு, சொன்ன விலையில் நூறு ரூபாய் குறைத்துக்கொண்டார்.

அந்த இரும்பு, மும்பை ரயிலில் என் படுக்கைக்கு அடியில் புனே வந்து சேர்ந்தது. குண்டக்கல்லில் ஏறிய ஒருவர், "இது என்ன, ஏதாவது ஆயுதமா?" என்று பயந்தே போனார்.

புனேயில் நானா பேட்டை கடைகளிலும் ஜூனா பஜாரிலும் தேடினால் சில்லறைச் சாமான்கள் கிடைக்கும். அங்கும் கிடைக்காவிட்டால் இங்கிலாந்துதான் கதி. உற்பத்தி 1971-இல் நின்றாலும், பழைய வண்டிப் பிரியர்களுக்காக அங்கே இன்னமும் பாகங்கள் செய்கிறார்கள். ஆனால் தபால் கூலியும் சுங்கமும் சேர்ந்தால் குமாஸ்தா சம்பளம் தாங்காது.

அன்று முதல் ஒரு விரதம். மாதத்தின் முதல் ஞாயிறு, காபி குடிப்பதற்கு முன் டிரன்னியனுக்கு எண்ணெய். வேறு யார் கையும் படக்கூடாது.

வளைவில் பயம் கூடாது

ஓட்டுவதிலும் ஒரு பாடம் உண்டு. பின்சக்கரம் இரண்டும் தனித்தனியே மேலும் கீழும் ஆடும் வகை. வளைவுக்குள் வேகமாகப் புகுந்துவிட்டு, பயந்துபோய் ஆக்சிலேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் பின்சக்கரம் உள்ளே மடிந்து வண்டி சுழன்றுவிடும். பின்னால் 1970-களில் வந்த 'கெஸல்' வண்டிக்கு இந்த அச்சையே மாற்றிவிட்டார்கள். ஆகவே வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் காலை நிதானமாக அழுத்தியபடி போக வேண்டும்.

ஏற்றத்திலும் அவசரம் கூடாது. கர்ஜத்திலிருந்து லோனாவாலா ஏறும் ரயிலைப் பின்னாலிருந்து பேங்கர் எஞ்சின்கள் தள்ளிவிடும். என் வண்டியைத் தள்ள யார் இருக்கிறார்கள்? கணவாய் பாதியில் நிறுத்தி, எஞ்சின் ஆறிய பிறகு ரேடியேட்டருக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத்தான் மேலே ஏறுவேன்.

பெட்ரோலும் மாறியது

2000-ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் நின்றது. இந்தக் காலத்து எஞ்சின்களின் வால்வு இருக்கைகளுக்கு அந்த ஈயம்தான் மெத்தை. அப்பா அப்போதே ஹெட்டைக் கழற்றி, கெட்டியான இருக்கைகள் வைத்துவிட்டார்.

இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய்களை அது இளக்கிவிடும். ஒருநாள் காருக்குள் பெட்ரோல் வாடை வந்தது. பார்த்தால் குழாய் ஊறிப்போன அப்பளம் போலிருக்கிறது. எத்தனாலைத் தாங்கும் குழாயையும் பம்புக்குப் புது டயஃப்ரமும் போட்டேன். செலவு சில நூறுதான். கவனிக்காமல் விட்டிருந்தால் தீ.

எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவைத்தால் டாங்க் உள்ளுக்குள் துருப்பிடிக்கும். அதனால் வாரம் மூன்று நாள் டியூட்டிக்கு இதிலேயே போகிறேன். ஊருக்குள் லிட்டருக்கு 10 கிலோமீட்டர், வெளியூரில் 13.

கண்காட்சிப் பொருளா, வண்டியா?

இந்த ஆண்டோடு பதிவு முடிகிறது. இரண்டு வழி உண்டு. 50 ஆண்டு கடந்த, அசல் மாறாத வண்டிகளை 'வின்டேஜ்' என்று பதிய 2021-இல் விதி வந்தது. கட்டணம் 20,000 ரூபாய்; பத்தாண்டுக்குச் செல்லும். மற்றது வழக்கமான புதுப்பித்தல். 2022-இல் 5,000 ஆன அந்தக் கட்டணம், 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025-இல் 10,000 ஆகிவிட்டது. ஐந்தாண்டுக்குத்தான் செல்லும். பசுமை வரி தனி.

குமாஸ்தா புத்தியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கட்டணம் இரண்டுக்கும் ஆண்டுக்கு இரண்டாயிரம்தான். நண்பர்கள் எல்லாரும், "வின்டேஜ் என்று போடு, கௌரவம்" என்கிறார்கள். ஆனால் அந்த வண்டியைக் கண்காட்சிக்கும், ஊர்வலத்துக்கும், பெட்ரோல் போடவும், பழுது பார்க்கவும்தான் ஓட்டலாம். டியூட்டிக்குப் போகக் கூடாது. பிள்ளையைப் பள்ளியில் விடக் கூடாது.

ஃபிட்டர் வாங்கிய வண்டி வேலைக்காக வாங்கியது. கொலுவில் வைக்க அல்ல. சங்கம் பாலத்தருகே ஆர்.டி.ஓ. ஆபீசில் வழக்கமான புதுப்பித்தலுக்கே மனுக் கொடுக்கப் போகிறேன்.

நம்மவர்களில் யாராவது இப்படி ஒரு பழைய வண்டி வாங்க நினைத்தால், பெயிண்டைப் பார்த்து மயங்க வேண்டாம். கீழே படுத்து சேசிஸைப் பாருங்கள். புனே மழை நான்கு மாதத்தில் இரும்பைத் தின்றுவிடும். ஆர்.சி. புத்தகம் சரியாக இருக்கிறதா பாருங்கள். வாங்கும் விலைக்குச் சமமான பணம் பழுதுக்கு இருக்கிறதா என்று பையைப் பாருங்கள். கடைசியாக, ஞாயிற்றுக்கிழமையைத் தியாகம் செய்ய மனசு இருக்கிறதா பாருங்கள். இதில் ஒன்று இல்லையென்றாலும் வாங்க வேண்டாம்.

அம்மா இப்போதெல்லாம் வண்டியை விற்கச் சொல்வதில்லை. ஆனால் கதவைத் திறந்து உட்காருவதற்கு முன் ஒவ்வொரு முறையும் கேட்கிறார்கள்:

"எண்ணெய் விட்டாச்சா?"

"விட்டாச்சும்மா" என்று சொன்ன பிறகுதான் காலை உள்ளே எடுத்து வைக்கிறார்கள்.