யூரியா எவ்வளவு? பயிரையே கேட்கலாம்!

நடவு முடிந்து இரண்டு வாரம் ஆனதும் ஊரே மேலுரம் போடக் கிளம்பிவிடும். பக்கத்து வயலில் யூரியா மூட்டை இறங்கினால், நம் வயலிலும் இறங்கும். வரப்புக்கு வரப்பு ஒரே அளவாக வீசிவிட்டுக் கரையேறுவோம். ஆனால், அதே வயலில் கோடையில் ஆட்டுக்கிடை போட்ட மூலை கரும்பச்சையாக நிற்கும். மண் வெட்டிச் சமன்செய்த மேட்டுப் பகுதி வெளிறிக் கிடக்கும். இரண்டு இடத்துக்கும் ஒரே அளவு யூரியா எதற்கு?

வெளிநாடுகளில் இந்தக் கேள்விக்கு 'சென்சார்' கருவி வைத்துப் பதில் தேடுகிறார்கள். அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், கருவி இல்லாமலே அதன் பலனில் பெரும்பகுதியை நாமும் எடுக்கலாம்.

கருவி என்ன பார்க்கிறது?

தழைச்சத்து நிறைந்த இலையில் பச்சையம் அதிகம். பச்சையம் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை, செழிப்பான பயிர் திருப்பி அனுப்பும். கருவி இந்த இரண்டு ஒளியையும் தானே பயிர்மீது பாய்ச்சி, திரும்பி வருவதை அளந்து, 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட ஓர் எண்ணாகக் காட்டும். இதற்கு 'என்.டி.வி.ஐ.' என்று பெயர். பயிர் அடர்ந்து பச்சையாக இருந்தால் எண் கூடும். வெளிறியோ கலைந்தோ இருந்தால் குறையும். கருவிக்குச் சொந்த வெளிச்சம் இருப்பதால், மேகமூட்டமான நாளிலும் அளக்கலாம்.

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990-களில் கோதுமை வயல்களில் இதை உருவாக்கினார்கள். 'கிரீன்சீக்கர்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது அப்படித்தான். டிராக்டரில் வரிசையாகச் சென்சார்களைக் கட்டி, ஓட்டிக்கொண்டே போனால், வெளிறிய இடத்துக்கு அதிகமாகவும், பச்சையான இடத்துக்குக் குறைவாகவும் உரம் விழும். ஒரே அளவாக இடுவதைவிட, இப்படி இடும்போது தழைச்சத்தின் பயன்பாட்டுத் திறன் 15 விழுக்காட்டுக்கு மேல் கூடியதாக 2002-ல் வெளியிட்டார்கள். உலக அளவில் தானியப் பயிர்களுக்கு இடும் தழைச்சத்தில் சுமார் 33 விழுக்காடுதான் தானியமாகத் திரும்புகிறது என்று 1999-ல் கணக்கிட்டதும் அதே பல்கலைக்கழகம்தான். மீதியில் பெரும்பகுதி காற்றிலும் நீரிலும் போய்விடுகிறது.

எண் மட்டும் போதாது

கருவி 0.60 என்று காட்டுகிறது. அது நல்லதா, கெட்டதா? ரகம், நடவு இடைவெளி, பயிரின் வயது எல்லாம் சேர்ந்துதான் அந்த எண் வருகிறது. தனியாக அதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது.

அதனால் ஓக்லஹோமா விவசாயிகள் வயலின் குறுக்கே ஒரு பட்டைக்கு மட்டும் தழைச்சத்தைத் தாராளமாக இட்டு வைக்கிறார்கள். பயிர் வளர்ந்ததும் பட்டையையும் மற்ற வயலையும் ஒப்பிடுவார்கள். பட்டையில் 0.72, வயலில் 0.60 என்றால் வயல் பசியாக இருக்கிறது. இரண்டிலும் 0.70-ஐ ஒட்டி வந்தால், மண்ணே போதுமான தழைச்சத்தைக் கொடுத்துவிட்டது, மேலுரம் வீண். பட்டைக்கும் வயலுக்கும் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தால், கருவியே தேவையில்லை. வரப்பில் நின்று பார்த்தாலே போதும்.

ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்தப் பட்டையைத்தான்.

நம் கையில் இருக்கும் சென்சார்

நெல்லுக்கு நம்மிடம் ஏற்கெனவே மலிவான ஒரு கருவி இருக்கிறது. அது இலை வண்ண அட்டை. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் நெல் விவசாயிகளிடம் பரப்பிய அட்டை இது. வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை எண் போட்ட பட்டைகள் இருக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் முறை இதுதான்:

* நட்ட வயலில் 14-ம் நாளிலும், நேரடி விதைப்பில் 21-ம் நாளிலும் தொடங்க வேண்டும். கதிர் வெளிவரும் வரை வாரம் ஒரு முறை பார்க்க வேண்டும்.
* காலை 8 மணி முதல் 10 மணிக்குள் பார்க்க வேண்டும்.
* மேலிருந்து மூன்றாவதாக, முழுதும் விரிந்த இலையை எடுத்துக்கொள்ள வேண்டும். 10 இடங்களில் பார்க்க வேண்டும்.
* வெள்ளைப் பொன்னி போன்ற, தழைச்சத்து குறைவாகத் தேவைப்படும் ரகங்களுக்கு எண் 3. மற்ற ரகங்களுக்கும் வீரிய ஒட்டு ரகங்களுக்கும் எண் 4.
* 10-ல் 6 இலைகள் அந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் மட்டும் உரம் இட வேண்டும். இல்லாவிட்டால், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு தடவைக்கான அளவு, ஹெக்டேருக்கு மழைக்காலப் பட்டத்தில் 30 கிலோ, வறண்ட பட்டத்தில் 35 கிலோ தழைச்சத்து. யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து என்பதால், சம்பா, தாளடிக்கு ஏக்கருக்குச் சுமார் 26 கிலோ யூரியா. குறுவை, நவரைக்குச் சுமார் 31 கிலோ. சென்ட் கணக்கில் 260 கிராம், 310 கிராம்.

இலையைப் பறிக்க வேண்டாம். அட்டையின் மேல் வைத்து, வெயில் நேராகப் படாமல் உங்கள் உடம்பின் நிழலில் பாருங்கள். ஒவ்வொரு வாரமும் ஒரே ஆள் பார்ப்பது நல்லது.

ஒரு சென்ட் ஒப்பீட்டுப் பாத்தி

அட்டையோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆட்டுக்கிடை போட்ட மூலை, மர நிழல், மடைவாய் ஆகியவற்றைத் தவிர்த்து, வயலின் நடுத்தரமான இடத்தில் ஒரு சென்ட் அளவுக்குச் சிறு வரப்பு கட்டுங்கள். அங்கே இடும் யூரியா மற்ற இடத்துக்குப் பரவாமல் இருக்கத்தான் இந்த வரப்பு.

மத்திய, நீண்டகால ரகங்களுக்குப் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து. சென்ட்டுக்கு அது 1.3 கிலோ யூரியா. ஒப்பீட்டுப் பாத்திக்கு அதைவிடக் கால் பங்கு கூட்டி, 1.6 கிலோவாக வைத்துக்கொண்டு, அடியுரத்தோடு சேர்த்து 4 தவணையாக 400 கிராம் வீதம் இடுங்கள். வெள்ளைப் பொன்னிக்குப் பரிந்துரை 75 கிலோதான் என்பதால், தவணைக்கு 200 கிராம் போதும். மணிச்சத்து, சாம்பல் சத்து வயல் முழுக்க ஒன்றுபோலவே இருக்கட்டும்.

பிறகு வயலை மனதில் மூன்றாகப் பிரியுங்கள்: மேடு, நடுப்பகுதி, பள்ளம். ஒவ்வொன்றிலும் தனித்தனியாக 10 இலைகள் பாருங்கள். ஒரு ஏக்கரில் 30 சென்ட் மேட்டுப் பகுதி மட்டும் எண்ணுக்குக் கீழே இருக்கிறது என்றால், சம்பாவில் அந்த 30 சென்ட்டுக்கு 7.8 கிலோ யூரியா போதும். மீதி 70 சென்ட் அடுத்த வாரம் வரை காத்திருக்கும். டிராக்டர் சென்சார் செய்யும் வேலையை வாளியும் தராசும் செய்துவிடும்.

லாபம் எங்கே?

வேப்பெண்ணெய்ப் பூச்சுக் கட்டணமும் வரியும் நீங்கலாக 45 கிலோ யூரியா மூட்டை 242 ரூபாய்தான். ஒரு மூட்டையைக் குறைத்தால் பெரிதாக என்ன மிச்சம் என்று தோன்றும். உண்மைதான், யூரியா விலையில் லாபம் கொஞ்சம்தான். யூரியா அதிகமானால் பயிர் கொழுகொழுவென்று வளரும். அங்கேதான் புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் தேடி வரும். ஒரு தடவை மருந்தடிக்கும் கூலியும் மருந்து விலையும் உங்களுக்கே தெரியும். அறுவடை நேரத்து மழையில் முதலில் சாய்வதும் அந்த வயல்தான். இதற்கு மாறாக, பசியாக நிற்கும் மேட்டுக்குத் தேவையான நேரத்தில் உரம் கிடைத்தால், தூர் குறையாது.

மஞ்சள் எல்லாம் தழைச்சத்துக் குறை அல்ல

சென்சாரும் அட்டையும் நிறத்தைத்தான் பார்க்கும், காரணத்தைச் சொல்லாது. தழைச்சத்துக் குறையில் அடி இலைகள் முதலில் மஞ்சளாகும். கந்தகக் குறையில் இளம் இலைகள் முதலில் வெளிறும். துத்தநாகக் குறையில் இலையில் துருப்பிடித்ததுபோல் பழுப்புப் புள்ளிகள் வரும். வடிகால் இல்லாமல் வேர் அழுகினாலும் பயிர் மஞ்சளாகும்.

இங்கேயும் ஒப்பீட்டுப் பாத்தி உதவும். தாராளமாக யூரியா இட்ட பாத்தியும் வயலைப் போலவே வெளிறி நின்றால், குறை தழைச்சத்தில் இல்லை. மேலும் யூரியா போடாமல், பயிரோடு வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ வேளாண் உதவி இயக்குநர் அலுவலகத்துக்கோ போய்க் காட்டுங்கள்.

விவசாயிகள் கேட்கும் கேள்விகள்

அட்டை பார்த்தால் அடியுரத்தை விட்டுவிடலாமா?
கூடாது. அட்டை மேலுரத்துக்குத்தான். தொழுவுரம், பசுந்தாள் உரம், மண் பரிசோதனைப்படி இடும் அடியுரம் வழக்கம்போல இருக்கட்டும்.

கையடக்கச் சென்சார் வாங்கலாமா?
சிறு விவசாயி தனியாக வாங்கத் தேவையில்லை. உழவர் உற்பத்தியாளர் குழு வாங்கிப் பல வயல்களுக்குப் பயன்படுத்தினால் பொருத்தமாக இருக்கும். அப்போதும் ஒவ்வொரு வயலிலும் ஒப்பீட்டுப் பாத்தி வேண்டும். பயிர் முழுதாக மூடிய பிறகு கருவியின் எண் பெரிதாக மாறாது என்பதால், மிகவும் பிந்தி அளப்பதில் பயனில்லை.

ட்ரோன் படம் எடுத்துத் தருகிறார்களே?
எந்த இடம் வெளிறியிருக்கிறது என்பதைப் படம் நன்றாகக் காட்டும். ஏன் வெளிறியது என்பதை வயலில் இறங்கித்தான் பார்க்க வேண்டும்.

மக்காச்சோளம், கரும்புக்கு இதே எண்கள் பொருந்துமா?
பொருந்தாது. 3, 4 என்ற எண்கள் நெல்லுக்கானவை. ஒப்பீட்டுப் பாத்தி முறையை எந்தப் பயிரிலும் செய்து பார்க்கலாம்.

யூரியா இடும் நாளில் என்ன கவனிக்க வேண்டும்?
வயல் நீரை வடித்து, சேற்றில் லேசான ஈரம் இருக்கும்போது இட்டு, ஒன்றிரண்டு நாள் கழித்து நீர் கட்டுங்கள். இலையில் பனி ஈரம் இருக்கும்போதும், மழை வரும்போல இருக்கும்போதும் இட வேண்டாம். ஒவ்வொரு வாரமும் பார்த்த எண்ணையும் இட்ட அளவையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த பட்டத்தில் எந்தப் பகுதிக்கு எவ்வளவு என்று அந்த நோட்டே சொல்லும்.