மதுரையில் அச்சு, மலையில் பொட்டலம்

வியாபாரிகளாகிய நமக்குப் பத்திரிகையால் இரண்டு உபயோகம் இருந்தது. காலையில் படிப்பது ஒன்று. அதையே பின்னால் கிலோக் கணக்கில் வாங்கிப் பருப்பும் வெல்லமும் மடிப்பது மற்றொன்று. இந்த இரண்டாவது உபயோகம் இப்போது விதிப்படி கூடாது. உறுப்பினர் பலர் இதுபற்றிக் கேட்பதால், பத்திரிகை மலையேறி வந்த கதையையும் சேர்த்தே எழுதுகிறோம்.

கொடைக்கானல்காரர்களுக்கு உள்ளூர்ப் பத்திரிகை என்பது மதுரையில் அச்சாகி வருவதுதான். 1985-இல் திண்டுக்கல் தனி மாவட்டமாகும் வரை நாமும் மதுரை மாவட்டத்தாரே. 1934-இல் தொடங்கிய தினமணி சென்னையில் பிறந்தது. 1951-இல் வந்த தினமலர் பிறந்தது திருவனந்தபுரத்தில். மதுரையிலேயே பிறந்தது தினத்தந்தி. 1942 நவம்பர் 1-ஆம் தேதி அதைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார், லண்டனில் பாரிஸ்டர் படித்துச் சிங்கப்பூரில் வக்கீல் தொழில் நடத்தியவர். அது யுத்த காலம், காகிதம் கிடைக்கவில்லை. அவர் வைக்கோலைக் கூழாக்கிக் கையாலேயே காகிதம் செய்து அச்சடித்தார். சரக்கு வரவில்லை என்று கடையைச் சாத்துகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் புரிகிற தமிழ் என்பதால், டீக்கடையில் ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்டார்கள்.

நம் சிறுவயதில் வத்தலக்குண்டிலிருந்து வரும் பஸ்ஸின் மேல்தான் பத்திரிகைக் கட்டு மலையேறும். மழையில் மண் சரிந்தால் பஸ்ஸும் இல்லை, செய்தியும் இல்லை.

1975 வாக்கில், ஓர் ஆடி மாதம். பூம்பாறையிலிருந்து ஒரு விவசாயி மூன்று மூட்டைப் பூண்டுடன் நம் மண்டிக்கு வந்தார். தகப்பனார் விலை சொன்னதும், மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தார். வடுகபட்டிப் பூண்டு விலை அதில் அச்சாகியிருந்தது. "பேப்பரிலேயே போட்டிருக்கு மொதலாளி, நீங்க கொறச்சுச் சொல்றீங்களே" என்றார். தேதி இருந்த மூலை கிழிந்து போயிருந்தது. தகப்பனார் காகிதத்தைத் திருப்பினார். பின்பக்கம் பொங்கல் சினிமா விளம்பரம்! நம் கடையிலேயே வெல்லம் மடித்துக் கொடுத்த பழைய பேப்பர்தான் அது.

அவர் பேசாமல் சரக்கைப் போட்டுவிட்டுப் போனார். அடுத்த மூட்டை வேறு மண்டிக்குப் போயிற்று. விலையில் நாம் பொய் சொல்லவில்லை. ஆனால் நாலு பேர் முன்னால் அவரைத் தலைகுனிய வைத்துவிட்டோம். அதன் பிறகு தகப்பனார் கடை வாசலில் ஓர் ஆணி அடித்து, அன்றன்றைய பேப்பரை யாரும் எடுத்துப் படிக்கும்படி மாட்டி வைத்தார்.

இனி விதிக்கு வருவோம். அச்சு மையில் உள்ள ஈயம் போன்றவை உணவில் ஒட்டும் என்பதால், உணவுப் பொருளைச் செய்தித்தாளில் வைக்கவோ மடிக்கவோ கூடாது என்று 2018-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. எண்ணெய்ப் பலகாரத்தில் ஆபத்து அதிகம். அடுத்து 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை உபயோகிக்கும் பிளாஸ்டிக் பைகளுக்கும் தடை வந்தது. சிறு கடைக்காரருக்கு இரண்டு பக்கமும் இடிதான். அச்சில்லாத காகிதப் பை பழைய பேப்பரைவிட விலை கூடுதல். அதைச் சங்கம் மொத்தமாகக் கொள்முதல் செய்து கொடுத்தால் பாரம் குறையும். சோப்பு, மெழுகுவத்தி சுற்றுவதற்குப் பழைய பேப்பர் இன்னும் ஆகும்.

வாசல் ஆணியில் இன்றும் பேப்பர் மாட்டுகிறோம். வருகிறவர்கள் இரங்கல் விளம்பரத்தைப் பார்க்கிறார்கள். பூண்டு விலையை வழியிலேயே செல்போனில் கேட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.