யாரைக் கேட்டு எழுதினார்கள்?

“சிஸ்டர், இந்த டியூபைக் கழுவிக் கழுவி எத்தனை நாளைக்கு வெச்சிக்கலாம்?” குழந்தைகள் சிறுநீர்ப் பிரிவில் நர்ஸாக இருக்கும் என்னிடம் அம்மாக்கள் அதிகம் கேட்பது இதைத்தான். ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி பதில் மாறுகிறது.

எங்களிடம் வருகிறவர்களில் பலர் ஸ்பைனா பைஃபிடா குழந்தைகள். தண்டுவடம் சரியாக மூடாமல் பிறந்தவர்கள். மூத்திரப்பைக்குப் போகும் நரம்பு பழுதாகியிருக்கும். பை நிறைந்தது குழந்தைக்குத் தெரியாது, முழுக்கக் காலியும் ஆகாது. உள்ளே அழுத்தம் ஏறி, வலி எதுவும் காட்டாமலே சிறுநீரகம் கெட்டுப்போகும். சிறுநீர் கசியத் தொடங்கும் நேரத்து அழுத்தம் 40 செ.மீ. நீரளவைத் தாண்டினால் ஆபத்து என்று அமெரிக்காவில் எட்வர்ட் மெக்வயர் குழுவினர் 1981-ல் எழுதினார்கள். அதனால்தான் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை டியூப் விட்டுச் சிறுநீரை எடுத்துவிடச் சொல்கிறோம். இதற்குக் கிருமி நீக்கிய ஏற்பாடெல்லாம் தேவையில்லை, சுத்தமாக இருந்தால் போதும் என்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜாக் லாபிடஸ் 1972-ல் சொன்னார். வீட்டில் அம்மாவே செய்யலாம் என்று ஆனது அதற்குப் பிறகுதான்.

ஐரோப்பிய சிறுநீரியல் சங்கமும் பிரிட்டனின் நைஸ் அமைப்பும் இதற்கெல்லாம் சிகிச்சை வழிகாட்டிகள் வெளியிட்டிருக்கின்றன. வழிகாட்டி நல்லதா என்று எடைபோட ‘அக்ரீ 2’ என்ற அளவுகோல் 2010-ல் வந்தது. ஆறு பகுதி, 23 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். ஆதாரத்தை எப்படித் தேடினார்கள், மருந்துக் கம்பெனிப் பணம் உண்டா, நோயாளிகளைக் கேட்டார்களா, நடைமுறையில் ஆகும் செலவை யோசித்தார்களா என்றெல்லாம் அது கேட்கிறது. எந்த நோய்க்கான வழிகாட்டியை எடுத்தாலும், ‘தெளிவாகச் சொல்லியிருக்கிறதா’ என்பதில் பெரும்பாலும் நல்ல மதிப்பெண் கிடைக்கும். ‘நடைமுறைக்கு ஒத்துவருமா’ என்ற இடத்தில்தான் பெரும்பாலும் சறுக்கும்.

இந்தக் குழந்தைகளுக்கு லேட்டக்ஸ் ரப்பர் ஒவ்வாமை அதிகம், கையுறை முதல் டியூப் வரை ரப்பரைத் தவிருங்கள் என்பது போன்றவற்றில் குழப்பமே இல்லை. டியூபை மறுபடி பயன்படுத்தலாமா என்பதுதான் சிக்கல். மறுபயன்பாட்டால் தொற்று கூடுவதாகத் தெரியவில்லை என்றது மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2014-ல் வெளியிட்ட தொகுப்பு. கணக்கில் பிழைகள் இருப்பதாக வேறொரு குழு காட்டியதும் அது திரும்பப் பெறப்பட்டது. ஆதாரம் இவ்வளவு மெலிந்திருக்கும்போது, ‘உறுதியாகத் தெரியவில்லை’ என்று எழுதுகிற வழிகாட்டியைத்தான் நான் நம்புவேன்.

ஒருநாளைக்கு ஐந்தாறு புது டியூப் வாங்க முடியாத வீடுகளே எனக்குத் தெரிந்து அதிகம். கைக்குழந்தைக்கு, பால் கொடுக்கும் ஃபீடிங் டியூபையே இதற்கும் வைத்துக்கொள்கிறார்கள். சோப்பில் கழுவி, உள்ளே தண்ணீர் நிற்காமல் உதறி, காயவைத்து, மூடியுள்ள டப்பாவில் போடச் சொல்கிறேன். நிறம் மாறினாலோ விறைத்தாலோ தூக்கிப்போட வேண்டும். காய்ச்சல் வந்தால் காத்திருக்கக் கூடாது. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் ஸ்கேனும் கிரியேட்டினின் சோதனையும் தவறவே கூடாது.

வழிகாட்டியை டாக்டர்கள் மட்டும் உட்கார்ந்து எழுதினால் பள்ளிக்கூடம் விட்டுப்போகும். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு மதியம் டியூப் விட யார் இருக்கிறார்கள்? கழிப்பறையில் தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா? அடுத்த வழிகாட்டி எழுதும் மேசையில் இரண்டு அம்மாக்களுக்கும், டியூப் விட்டுக்கொண்டே வளர்ந்து கல்லூரிக்குப் போகும் ஒரு பெண்ணுக்கும் நாற்காலி போடுங்கள்.