யானையை விரட்டும் ஓசை

கொடைக்கானல் கீழ்மலையில் தாண்டிக்குடி, பெரும்பாறை, கே.சி.பட்டிப் பக்கம் வாழையும் காப்பியும் வைத்திருப்பவர்களிடம் இருக்கும் ஆயுதம் தகர டின்னும் வெடியும்தான். ராத்திரி யானை இறங்கினால் தகரத்தைத் தட்டுவார்கள்; போகவில்லையென்றால் வெடி. சங்க காலத்தில் குறிஞ்சி நிலத்துப் பெண்கள் பரணில் நின்று தட்டை, குளிர், தழல் என்ற கருவிகளை ஒலித்துத் தினைப்புனத்தில் கிளி ஓட்டியதும் இதே உத்திதான். அடிப்பதற்கு முன்பே எதிரியைக் கலங்கடிக்கப் போர்க்களத்தில் முரசும் அதிர்ந்தது.

ஓசைக்கு ஏன் அந்தச் சக்தி? பேசும்போது நம் குரலின் உரப்பு வினாடிக்கு நான்கைந்து முறை ஏறி இறங்கும். அலறும்போதோ 30 முதல் 150 முறை. கரகரப்பான அந்த அதிர்வு, மூளையில் அச்சத்தைக் கையாளும் அமிக்டலாவை உசுப்புகிறது என்று 2015-ல் வெளியான ஆய்வு காட்டியது.

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி, ஸ்டூகா குண்டுவீச்சு விமானத்தில் காற்றில் சுழலும் சைரனைப் பொருத்தியது. விமானம் செங்குத்தாகப் பாயும்போது அது ஊளையிடும். ‘ஜெரிக்கோ எக்காளம்’ என்று பெயர். பின்னால் அதைக் கழற்றிவிட்டார்கள். விமானத்தின் வேகத்தை அது குறைத்தது. கேட்டுப் பழகியவர்களுக்கோ, பதுங்கிக்கொள்ள முன்னறிவிப்பாகவும் ஆகிவிட்டது.

யானையும் அப்படித்தான் பழகுகிறது. வெடியால் ஒன்றும் ஆகாது என்று கண்டுகொண்ட கொம்பன், வாழையைத் தின்று முடித்துவிட்டுத்தான் நகரும். மிரண்ட யானை ஆளை நோக்கியே திரும்பவும் கூடும். இருட்டில் வெடியை மட்டும் நம்பிப் போவது உயிரோடு விளையாடுவது.

எந்த ஓசைக்குப் பின்னால் உண்மையான ஆபத்து இருக்கிறது என்பதை யானை எவ்வளவு நுட்பமாக எடைபோடுகிறது! ஆய்வாளர்கள் விவேக் துப்பிலும் ரிச்சர்ட் காஸும் தென்னிந்தியக் கிராமங்களில் யானை வரும் தடங்களில் ஒலிபெருக்கிகளை வைத்துப் பார்த்தார்கள். புலி உறுமலைக் கேட்ட யானைகள் சத்தமே இல்லாமல் பின்வாங்கின. சிறுத்தை உறுமலுக்கோ பிளிறின, சற்று நின்று பார்த்தன, பிறகே விலகின. குட்டியைக் கொல்லக்கூடியது புலி. 2013-ல் இந்த ஆய்வு வெளியானது.

தேனீயின் ரீங்காரம் இன்னும் சுவாரசியமானது. கென்யாவில் ஆய்வாளர் லூசி கிங் 2007-ல் வெளியிட்ட சோதனையில், அதைக் கேட்ட 17 யானைக் குடும்பங்களில் 16, எண்பது வினாடிக்குள் இடத்தைக் காலிசெய்தன. இலங்கை யானைகளும் பின்வாங்குகின்றன என்று 2018-ல் தெரிந்தது. ஆனால் வெறும் ஒலிப்பதிவும் நாளடைவில் வெடியைப் போலப் பழகிவிடும். கென்யாவில் வயலைச் சுற்றிக் கம்பியில் உயிருள்ள தேன்கூடுகளையே தொங்கவிட்டார்கள். கம்பியில் யானை இடித்தால் கூடுகள் ஆடும், தேனீக்கள் கிளம்பும். அடுக்குத்தேனீ நம் மலைக்குப் புதிதல்ல, காப்பிப் பூவுக்கும் அதனால் நன்மை. கீழ்மலைத் தோட்டங்களில் வெடிக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியையாவது தேன்பெட்டிகளுக்கு ஒதுக்கிச் சோதித்துப் பார்க்க வேண்டும்.